எண்பது கிராம்

நூலகத்தில் ஒரு பக்கம் அச்சிட இருபது சென்ட்.
முதல் படி கைக்கு வந்ததும்
வாசிப்பதற்கு முன்னால்
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தேன்.
எண்பது கிராம். கொஞ்சம் கூடுதலாய்க் காய்ந்தது.
எங்கள் ஆலையில் ஓடிய தாள் இல்லை.

பிறகுதான் அதிலிருந்த பெண்ணைப் பார்த்தேன்.
துய்யா லெஹ்திமேகி, வயது ஐம்பத்திரண்டு,
'உற்சாகமும் குழு மனப்பான்மையும் மிக்கவர்.'
யார் இவள்?
இரண்டு பக்கம் பேசுகிறாள்,
ஒரு வரியிலும் வியர்க்கவில்லை.

மணி இரண்டேகால். வெளியே இருட்டிவிட்டது.
வளைகுடா கரையிலிருந்து உறைந்துகொண்டு போகிறது.
நூலகர் ஹில்காவிடம்
சிவப்புப் பென்சில் கடன் கேட்டேன்.

முதலில் உற்சாகத்தை அடித்தேன்.
மனப்பான்மை தானாகவே விழுந்தது.
சவால்களை வாய்ப்புகளாக மாற்றுவதெல்லாம்
எழுதும்போதே கூசியது, இப்போது போயிற்று.
சரக்குவண்டி உரிமம் இருக்கட்டும்.
பள்ளிக்கூடத்து நீச்சல் சான்றிதழ் எதற்கு?

'இரண்டாம் காகித இயந்திரத்தின் பொறுப்பை வகித்தார்.'
இருபத்தெட்டு வருஷம்
ஒரே வரி.
பொறுப்பென்ன பையா, தூக்கிக்கொண்டு திரிய?
என்ன செய்தாய், அதைச் சொல்.
ஓரத்தில் எழுதினேன்:
நிமிடத்துக்கு ஆயிரத்து நூறு மீட்டர் ஓடும் ஈரத்தாள்
அறுவதற்கு முன் ஒரு விசும்பல் விசும்பும்.
எச்சரிக்கை மணிக்கு அது கேட்காது.
எனக்குக் கேட்கும்,
மூன்று நொடி முன்னால்.
வேலை கொடுப்பவர்கள் பாஷையில் இதற்குப் பெயர்
'உற்பத்தி இழப்பைக் குறைத்தார்.'
சரி, பொய்யில்லை, இருக்கட்டும்.
ஆனால் அந்த மூன்று நொடியை விடமாட்டேன்,
அடைப்புக்குறிக்குள்ளாவது கிடக்கும்.

இரண்டாயிரத்து எட்டு மார்ச்சிலிருந்து
மறு வருஷம் மே வரை ஓர் ஓட்டை.
'குடும்பக் காரணங்கள்' என்று போட்டிருந்தேன்.
குடும்பம் என்று அப்போது யாரும் மிச்சமில்லை.
குடித்தேன்.
பிறகு நிறுத்தினேன்.
நிறுத்தியதை எந்தத் தலைப்பின் கீழ் சேர்ப்பது?
திறன்கள்? சாதனைகள்?
பொழுதுபோக்கு?
நான் பார்த்ததிலேயே கடினமான வேலை அதுதான்,
கூலி கிடையாது,
ஷிப்ட் முடிந்து மாற்றிவிட ஆளும் வரமாட்டார்.
குடும்பத்தையும் காரணங்களையும் அடித்தேன்.
அந்த இடத்தில் எதுவும் எழுதவில்லை.
கேட்டால் சொல்வேன்.

திருத்தியதை அனுப்பியபோது அச்சு இயந்திரம் சிக்கிக்கொண்டது.
ஹில்கா கையைப் பிசைந்தாள்.
தள்ளு, என்றேன்.
பக்கக் கதவைத் திறந்து, உருளையைப் பின்னோக்கிச் சுற்றி,
மடிந்து கிடந்த தாளைக்
கிழியாமல் உருவினேன்.

என்னுடையது இல்லை.
வெய்யோ கார்ப்பினென். இரவு ஷிப்ட். மூன்றாம் இயந்திரம்.
நான் விண்ணப்பிக்கும் அதே மின்கலத் தொழிற்சாலை,
அதே வேலை, ஒரே ஓர் இடம்.
அடுத்தவர் தாளைப் படிக்கக் கூடாது. படித்தேன்.
பாவி, இவனும் உற்சாகம் மிக்கவனாம்.
சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை இவன் பேசி நான் கேட்டதில்லை.
அடியில், 'என்னைப் பற்றி விசாரிக்க' என்ற இடத்தில்
என் பெயர்.
என் தொலைபேசி எண், ஓர் இலக்கமும் பிசகாமல்.

என் தாளில் அந்த இடத்தில்
'கேட்டால் தரப்படும்' என்றிருந்தது.

திரும்பப் போய் உட்கார்ந்தேன்.
அதை நீக்கிவிட்டு அவன் பெயரை அடித்தேன்,
எண்ணுக்குக் கைபேசியைத் துழாவ வேண்டியிருந்தது.
இப்போது எல்லாம் ஒரே பக்கம்,
ஓரங்கள் கொஞ்சம் நெருக்கம்.

அவனுடைய தாளை மேசையில் வைத்து
உள்ளங்கையால் தேய்த்து நேராக்கினேன்.
உற்சாகத்தின் மேல் மட்டும் மெல்லிதாய் ஒரு கோடு.
பென்சில்தானே, பிடிக்காவிட்டால் அழித்துக்கொள்ளட்டும்.

தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டால் உள்ளதைச் சொல்வேன்:
பின்னிரவு மூன்று மணிக்கு
அவனைவிட நல்ல ஆள் இந்தக் கரையில் கிடையாது.
விசும்பலைக் கேட்பதில் மட்டும்
நான் ஒரு நொடி முந்தி.